நம்ம கரைப் பள்ளிக்கூடச் சொற்கள்: பொருளும் நடைமுறையும்

கரையோர வாத்தியார்

வணக்கம். பள்ளி வராந்தாச் சுவரில் 'பள்ளிக்கூடச் சொற்கள்' என்று எழுதிவைக்க முடிவாகியிருக்கிறது. தொண்டி முதல் வாலிநோக்கம் வரை நம் ராமநாதபுரம் கரையில் புழங்கிய, இன்றும் புழங்குகிற சொற்கள் வேண்டும். அகராதிப் பொருள் மட்டும் போதாது. அந்தச் சொல்லைச் சொன்னால் என்ன நடக்கும், கையில் என்ன இருக்கும், எத்தனை, எப்போது என்று பிள்ளைகள் குடைந்து கேட்பார்கள். அதற்கு நிற்கும்படி எழுதுங்கள். இப்போதைக்குக் கையில் இருப்பவை: திண்ணைப் பள்ளிக்கூடம் (பழைய காலத்தில் வீட்டுத் திண்ணையில் நடந்தது), அண்ணாவி (அதன் வாத்தியார்), சட்டாம்பிள்ளை, அரிச்சுவடி (எழுத்துப் பழகும் முதல் ஏடு), வாவு, மாகாணி, ஓதப்பள்ளி, டி.சி., நாமினல் ரோல், ஆல் பாஸ்.

முதல் சந்தேகம்: 'வாவு' என்பதற்கு நேரே 'விடுமுறை' என்று எழுதினால் போதுமா?

தேவிபட்டினம் மேலத்தெரு

போதாது சார். 'உவா' என்பதுதான் பேச்சில் 'வாவு' ஆயிற்று. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பொதுப்பெயர் உவா. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கு மரியாதை கிடையாது, நிலாவைப் பார்த்துத்தான் விடுமுறை. அமாவாசை, பௌர்ணமி, இரண்டுக்கும் மறுநாள் வரும் பிரதமை, நடுவில் விழும் இரண்டு அஷ்டமி. ஆக ஒரு மாதத்தில் ஆறு நாள். வாரக் கணக்கு விடுமுறை மிஷன் பள்ளிகளோடும் சர்க்கார் பள்ளிகளோடும் வந்தது. அந்த நாட்களில் பிள்ளைகள் அண்ணாவிக்குக் கொடுத்த சிறு காசு 'வாவுக்காசு'. மாதச் சம்பளம் சரிவரக் கிடைக்காத வாத்தியார் வீட்டில் உலை கொதித்ததில் அதற்கும் பங்கு உண்டு. அதையும் சுவரில் எழுதுங்கள்.

கரையில் இருக்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது சுலபம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஓதம், அதாவது கடல் மட்டம், கூடுதலாக ஏறும், கூடுதலாக வற்றும். அஷ்டமியை ஒட்டி இரண்டும் குறுக்காக நிற்பதால் ஏற்றமும் வற்றலும் குறைவு. பாக் நீரிணைப் பக்கம் இந்த வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், ஆனாலும் கரையில் ஒரு கம்பை நட்டு வைத்தால் கண்ணுக்குத் தெரியும். பழைய பள்ளிக்கூடக் காலண்டரும் கடல் காலண்டரும் ஒன்றே என்பதற்கு நிலாப் படம் எட்டு வரைந்து, வாவு நாட்களை மட்டும் கறுப்பாக்கிக் காட்டலாம்.

கரையோர வாத்தியார்

நிலாப் படம் கட்டாயம் வரும். சட்டாம்பிள்ளைக்கும் அரிச்சுவடிக்கும் யாராவது?

சாயல்குடி ஓலை

சட்டாம்பிள்ளையை 'மானிட்டர்' என்று ஒரு சொல்லில் முடித்துவிடாதீர்கள். மானிட்டர் பெயர் எழுதிக் கொடுப்பவன். சட்டாம்பிள்ளை இளையவர்களைப் பாடம் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பவன். அண்ணாவி ஒருவர், பிள்ளைகள் முப்பது, ஆளுக்கு ஒரு பாடம். மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுத்தால்தான் பள்ளிக்கூடம் நடக்கும். சாயங்காலம் எல்லோரும் நின்று, ஒருவன் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்வது 'முறை வைத்தல்'. காலையில் முதலில் வருகிறவன் 'வேத்தான்', அவன் கையில் பிரம்பு சும்மா தடவும், அடுத்தடுத்து வருகிறவர்களுக்கு அடி ஒவ்வொன்றாக ஏறும். அடியையும் கோதண்டத்தையும் (கயிற்றில் தொங்கவிடும் தண்டனை) பெருமையாக எழுத வேண்டாம் என்பது என் கருத்து. இருந்தது என்று எழுதுங்கள், அது போதும்.

'அரிச்சுவடி' என்பதில் இருக்கிற 'அரி', 'அரி நமோத்து சிந்தம்' என்று சொல்லித் தொடங்கிய வணக்கத்தின் முதல் சொல். பிறகுதான் 'அ'. எதிர்க்கரையில் யாழ்ப்பாணத்தார் முதல் வகுப்பையே 'அரிவரி' என்பார்கள். நம் பிள்ளைகளுக்கு அதையும் சொல்லுங்கள், ஒரே சொல் கடலுக்கு இரண்டு பக்கமும் இருப்பது தெரியட்டும்.

மணல் எழுத்தை, அதாவது மணலில் விரலால் எழுதிப் பழகுவதை, செய்துகாட்டப் போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. கடற்கரை மணலை அப்படியே அள்ளிப் போடாதீர்கள். சிப்பித் தூள் விரல் நுனியைக் கிழிக்கும், உப்பு அந்தக் கீறலில் எரியும், ஈரத்தை இழுத்து மறுநாளே கட்டிபிடிக்கும். நல்ல தண்ணீரில் மூன்று தரம் அலசி, வெயிலில் காயப்போட்டு, மாவுச் சல்லடையில் சலித்தது வேண்டும். தட்டில் அரை விரற்கடைத் (ஒரு விரல் அகலத்தில் பாதி) தடிமனுக்குப் பரப்பினால் எழுத்து நிற்கும். அதற்கு மேல் போனால் ஓரம் சரிந்து சுழி மூடிப்போகும், குறைந்தால் நகம் தட்டில் உரசும்.

விஜயதசமி ஏடு தொடங்கலுக்கு மணல் அல்ல, பச்சரிசி அல்லது நெல். சின்ன விரலுக்கு நெல் குத்தும், பச்சரிசியே நல்லது. ராமநாதபுரம் அரண்மனையில் ராஜராஜேசுவரி அம்மன் கோவிலில் நவராத்திரி நடப்பதால் அந்தப் பத்து நாளுக்கே நம் பக்கம் தனிக் களை. அரசுப் பள்ளிகளிலும் விஜயதசமியன்று முதல் வகுப்புச் சேர்க்கை போடுகிறார்கள், சுவரில் அதற்கு ஒரு வரி கொடுங்கள்.

குழிமாற்று

மாகாணிக்கு நான் வருகிறேன். இந்த ஒரு சொல்லை ஒழுங்காகச் சொன்னால் எண்சுவடி (பழைய கணக்கு வாய்பாட்டு ஏடு) முழுதும் திறந்துகொள்ளும்.

'மா' என்பது இருபதில் ஒன்று. 'காணி' என்பது எண்பதில் ஒன்று. இரண்டையும் கூட்டுங்கள்: எண்பதில் நான்கும் எண்பதில் ஒன்றும் சேர்ந்து எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. அதுதான் மாகாணி. பெயருக்குள்ளேயே கூட்டல் கணக்கு உட்கார்ந்திருக்கிறது. ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த காலத்தில் ஓரணா என்பது ரூபாயில் மாகாணி. காணிக்குக் கீழே 'முந்திரி', 320-இல் ஒன்று. நாலு முந்திரி ஒரு காணி, நாலு காணி ஒரு மா, ஐந்து மா ஒரு கால், நாலு கால் ஒன்று. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை காகிதத்தில் பின்னமாகப் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பிள்ளைகள் தடுமாறுகிற இடம் ஒன்றுண்டு. நில அளவிலும் மா, காணி உண்டு. அந்த அளவையும் இந்தப் பின்னத்தையும் கலந்தால் கணக்கு சிதறும். சுவரில் 'பின்ன வாய்பாடு' என்று தலைப்பிட்டுத் தனிக் கட்டத்தில் எழுதுங்கள்.

கீழக்கரை காக்கா

அஸ்ஸலாமு அலைக்கும் தம்பிமார்களே. 'பள்ளி'யை விட்டுவிட்டீர்களே. கீழக்கரை, பெரியபட்டணம், புதுமடம், தொண்டி பக்கமெல்லாம் 'பள்ளிக்குப் போயிருக்காக' என்றால் தொழப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். படிக்கப் போவது 'பள்ளிக்கூடம்'. கணக்கும் தமிழும் படிக்கப் போனால் பள்ளிக்கூடம், குர்ஆன் ஓதப் போனால் ஓதப்பள்ளி. அதற்கும் வெகுகாலம் முன்னால் சமணத் துறவிகள் தங்கின இடத்துக்குப் பள்ளி என்று பெயர். இந்த மூன்றையும் ஒரே சுவரில் பக்கத்துப் பக்கத்தில் எழுதினால் அழகாக இருக்கும்.

ஓதப்பள்ளி நேரம் சுபுஹு (அதிகாலை) தொழுகைக்குப் பிறகு தொடங்கி, பள்ளிக்கூடத்து முதல் மணிக்கு முன்னால் விட்டுவிடும். சில இடங்களில் அஸருக்கோ (பிற்பகல் தொழுகை) மஃரிபுக்கோ (அந்தித் தொழுகை) பிறகு. முதலில் எழுத்து, பிறகு எழுத்தைக் கூட்டுதல், பிறகு 'அம்ம ஜுஸ்வு'. குர்ஆனின் முப்பது பாகத்தில் கடைசிப் பாகம் அது. அத்தியாயங்கள் சின்னச் சின்னதாக இருப்பதால் பிள்ளைகளுக்கு அதிலிருந்துதான் ஆரம்பம். ஓதப்பள்ளிக்கு லீவு வெள்ளிக்கிழமை. பெருந்தலைகள் வீட்டில் இன்னும் வைத்திருக்கிற அரபுத்தமிழ்க் கிதாபுகளைப் பற்றியும் எழுதுங்கள். மொழி தமிழ், எழுத்து அரபு. தமிழின் ள, ழ, ண, ட மாதிரி அரபியில் இல்லாத ஒலிகளுக்கு இருக்கிற எழுத்தின் மேலும் கீழும் புள்ளி கூட்டி எழுத்து உண்டாக்கிக்கொண்டார்கள். பெண்பிள்ளைகள் எழுத்துப் படித்ததில் அதற்குப் பெரிய பங்கு.

இனி நாமினல் ரோல். இது நம் கரைக்குப் பெரிய தலைவலி, விலாவாரியாகச் சொல்கிறேன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன்னால் பள்ளிக்கூடம் அனுப்புகிற பெயர்ப்பட்டியல்தான் நாமினல் ரோல். அதில் என்ன பெயர், என்ன பிறந்த தேதி போகிறதோ அதுதான் மதிப்பெண் சான்றிதழில் அச்சாகும். மதிப்பெண் சான்றிதழில் இருப்பதுதான் பிறகு பாஸ்போர்ட், வேலை, விசா எல்லாவற்றுக்கும். இங்கே பாதி வீட்டுப் பிள்ளைக்கு முஹம்மது என்று பெயர் தொடங்கும். ஆங்கிலத்தில் முதல் எழுத்துக்குப் பிறகு ஓ-வா யூ-வா, நடுவில் ஒரு எம்-மா இரண்டு எம்-மா, கடைசியில் ஈ-யா ஏ-யா என்று ஐந்தாறு விதமாக எழுதலாம். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு விதம் இருந்தால், இருபத்திரண்டு வயதில் வெளிநாட்டுக்குப் பெட்டி கட்டும்போதுதான் தெரியும். செய்ய வேண்டியது இதுதான்: எட்டாம் வகுப்பு முடிவதற்குள் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றையும் மேசையில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பிறப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்ற இரண்டையும் திருத்துங்கள். நாமினல் ரோல் நகலைப் பள்ளியில் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள், அன்றைக்குத் தகப்பனார் ஊரில் இல்லையென்றால் உம்மா போய்ப் படித்துப் பார்க்கணும். படிக்காமல் கையெழுத்துப் போட்டால் பிறகு அலையவேண்டியதுதான். தப்பிப்போனால் அரசிதழில் பெயர்மாற்றம் வரைக்கும் போகும்.

தங்கச்சிமடம் டீச்சர்

காக்கா சொன்னது எங்கள் பக்கமும் அப்படியே பொருந்தும். இங்கே சிக்கல் திருமுழுக்குப் பெயர். கோவில் பதிவேட்டில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிடுவது ஒன்று, பிறப்புச் சான்றிதழில் பெயர் எழுதாமலே இடம் காலியாக இருக்கும். முதல் வகுப்பில் சேர்க்கும்போது வாய்க்கு வந்த பெயர் பதிவாகிவிடும். அத்துடன் முன்னெழுத்து. அப்பா பெயர் மட்டுமா, ஊர்ப்பெயரும் சேர்த்தா என்று ஒரு முடிவோடு வரச்சொல்லுங்கள்.

டி.சி. பற்றிச் சில வார்த்தைகள். மாற்றுச் சான்றிதழ் என்பது பிள்ளை எந்த வகுப்பு வரை எந்தப் பள்ளியில் படித்தது என்பதற்கான காகிதம். அது இல்லாவிட்டால் சேர்க்க மாட்டோம் என்று எட்டாம் வகுப்பு வரை எந்தப் பள்ளியும் சொல்லக்கூடாது. 2009 கல்வி உரிமைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: டி.சி. தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது, வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்கக்கூடாது, வயதுக்கேற்ற வகுப்பில் உட்காரவைத்துத் தனிப்பயிற்சி கொடுக்க வேண்டும். தொழிலுக்காகக் குடும்பத்தோடு வேறு கரைக்குப் போய் நாலு மாதம் கழித்துத் திரும்புகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த வரிகள்தான் கவசம்.

நடைமுறையில் தடுக்குவது காகிதம் அல்ல, எமிஸ் என்கிற பள்ளிக்கல்வித் துறையின் கணினிப் பதிவேடு. கணினியில் அந்தப் பிள்ளையின் எண் பழைய பள்ளியின் கணக்கிலேயே கிடக்கும். பழைய பள்ளி அதைப் 'பொதுத் தொகுப்பு'க்கு விட்டால்தான் புதிய பள்ளி எடுக்க முடியும். ஊரைவிட்டுக் கிளம்பும்போது 'டி.சி. கொடுங்க' என்று மட்டும் கேட்காமல் 'எமிஸ்ல பொதுத் தொகுப்புக்கு விட்டாச்சா சார்' என்று கேட்டு, எமிஸ் எண்ணை நோட்டில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சுவரில் இந்தக் கேள்வியை அப்படியே எழுதிவைத்தால் புண்ணியமாகப் போகும்.

திருப்பாலைக்குடி

ஆல் பாஸ் என்றால் எல்லோரும் தேர்ச்சி என்று எழுதிவிடலாமா? பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கு 35 மதிப்பெண் என்பதும் சுவரில் வேண்டும்.

தங்கச்சிமடம் டீச்சர்

ஆல் பாஸ் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் தம்பி. மாநில அரசுப் பள்ளிகளில் அது வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்துவதில்லை. அதனால் 'படிக்காமலே பாஸ்' என்று பிள்ளை காதில் விழும்படி வீட்டில் பேசாதீர்கள். எழுத்துக்கூட்டத் திணறுகிறவன் ஒன்பதாம் வகுப்பில் வந்து உட்காரும்போது அடி அவனுக்குத்தான் விழுகிறது.

35 என்று மொட்டையாக எழுதினால் தப்பாகிவிடும். பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் 20-உம் செய்முறையில் 15-உம் தனித்தனியே எடுக்க வேண்டும். செய்முறையில் முழு 25 வாங்கிக்கொண்டு எழுத்தில் 15 எடுத்தால் கூட்டினால் 40 வரும், ஆனாலும் தேர்ச்சி இல்லை. பிளஸ் டூவில் செய்முறை உள்ள பாடம் எழுத்து 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10 என்று பிரியும். எழுத்தில் குறைந்தது 15 வேண்டும், கூட்டுத்தொகை 35 வேண்டும். செய்முறைத் தேர்வு நாளில் 'கடலுக்குப் போயிட்டேன்' என்று வராமல் போனால் அந்த 20 போய்விடும், மீதியில் முட்டி மோத வேண்டும்.

தேவிபட்டினம் மேலத்தெரு

'புயல் லீவு' என்று ஒரு சொல் நம் கரைக்கே உரியது. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் நாளைக்கு லீவு என்று பிள்ளைகள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். கூண்டு கப்பலுக்கும் படகுக்கும். பள்ளிக்கு விடுமுறை மாவட்ட ஆட்சியர் அறிவிப்பில்தான். ஒன்றாம் எண் கூண்டு தூரத்தில் ஏதோ உருவாகியிருக்கிறது என்பதற்கு, அன்றைக்கு இங்கே வெயில்கூட அடிக்கும். விட்ட நாளைச் சனிக்கிழமை வைத்து ஈடுகட்டுவார்கள். அது 'ஈடுகட்டும் நாள்', அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது பள்ளிக்கூடமும் போனது. லீவு என்று குதிக்கிற பிள்ளைக்கு அந்தச் செய்தியும் தெரியணும்.

அடுத்து 'தடைக்காலம்'. விசைப்படகுகள் கடலில் மீன்பிடிக்கக்கூடாத காலம் அது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறக்கும்போது படகு இன்னும் கரையில்தான் நிற்கும், வீட்டில் காசு புரளாது. விலையில்லாப் பாடநூல், நோட்டு, சீருடை, பை, காலணி எல்லாம் முதல் வாரத்திலேயே கைக்கு வருகிறதா என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் கேட்டு எழுதிவைக்க வேண்டிய மாதம் அது. குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கேட்கிற உரிமை உண்டு.

குழிமாற்று

சுவர் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கரையோரச் சுவர் தரையிலிருந்து மூன்றடிக்கு உப்புப் பூக்கும். அதன் மேல் பெயிண்ட் அடித்தால் ஒரு மழைக்காலத்தில் பொறுக்குத் தட்டி உதிரும். எழுத்தை நாலடிக்கு மேலே தொடங்குங்கள். பூத்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், கரைந்து உள்ளேதான் போகும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, கூட்டி அள்ளி வெளியே போடுங்கள்.

சுவர்க் கரும்பலகைக்கும் இதே சீக்கு. பழைய வைத்தியம் கோவை இலையும் சிரட்டைக் கரியும். ஒரு கைப்பிடிக் கரியைத் துணியில் சலித்து, இரண்டு கைப்பிடிக் கோவை இலையோடு அம்மியில் மைபோல அரைத்து, பழந்துணியில் தோய்த்து ஒரே திசையில் தேய்க்க வேண்டும். கரி நைசாக இல்லாவிட்டால் சாக்பீஸ் கீச்சிடும், இலை குறைந்தால் கரி ஒட்டாமல் சட்டையெல்லாம் கறுப்பாகும். ஊமத்தை இலையும் போடுவார்கள், அது விஷம். பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம், கோவையே போதும். ஒரு இரவு காயவிட்டு, எழுதும் முன் சாக்பீஸைப் படுக்கவைத்துப் பலகை முழுக்கப் பூசித் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதலில் எழுதிய எழுத்து வடுவாக நின்றுவிடும்.

கரையோர வாத்தியார்

எல்லோருக்கும் நன்றி. சுவர் இப்போது மூன்று பகுதியாகிறது: நிலாவும் வாவும், பின்ன வாய்பாடு, பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள். அரிச்சுவடிக்குப் பக்கத்தில் உண்மையான ஓலை ஏடு ஒன்று தொங்கவிட ஆசை. பனை நம் பக்கம் பஞ்சமில்லை. ஆனால் காயவைத்த ஓலை எல்லாம் சுருள்கிறது, எழுத்தாணி பட்டால் பிளக்கிறது. சாயல்குடி அண்ணே, எங்கே தப்பு?

சாயல்குடி ஓலை

மூன்று இடத்தில் தப்பு நடக்கும் சார். ஒன்று, ஓலை. உச்சிக் குருத்து வேண்டாம், காய்ந்தால் சுருங்கும். அடியில் முற்றினது வேண்டாம், எழுத்தாணி வழுக்கும், பிளக்கும். குருத்துக்கு அடுத்து விரிந்த இளம் ஓலைதான் பதம். ஈர்க்கை நீக்கி, பட்டையாக நறுக்குங்கள்.

இரண்டு, வெயில். நேர் வெயிலில் போட்டால் ஒரு பக்கம் முந்திக் காய்ந்து சுருளும். நிழலில் மூன்று நாலு நாள். பிறகு அகலப் பாத்திரத்தில் மஞ்சள் தூள் கலந்த தண்ணீரில் ஓலை முழுதும் மூழ்கும்படி வேகவைத்து, எடுத்து மறுபடி நிழலில் உலர்த்துங்கள். வேக்காடு பற்றாவிட்டால் பூச்சி விழும், வளைத்தால் ஒடியும். பாதி ஈரத்தில் இரண்டு பலகைக்கு நடுவில் அடுக்கி மேலே கல் ஏற்றிவையுங்கள், சுருளாது. காய்ந்தபின் சங்கின் வழவழப்பான முதுகால் இரண்டு பக்கமும் தேயுங்கள். நம் கரையில் சங்குக்கா பஞ்சம்.

மூன்றாவது, எழுதுகிற கை. ஓலையின் நார் நீளவாக்கில் ஓடும். அந்த ஓட்டத்தோடு அழுத்திக் கோடு இழுத்தால் பிளந்துவிடும். எழுத்தாணியை ஓட்டாமல், இடது கைக் கட்டைவிரலால் ஓலையை நகர்த்தி எழுத வேண்டும். மெய்யெழுத்துக்குப் புள்ளி குத்தினாலும் ஓட்டை விழும். அதனால்தான் பழைய ஏட்டில் புள்ளி இருக்காது, க-வும் க்-உம் ஒன்றுபோலத் தெரியும். பிள்ளைகள் அதைப் பிழை என்று நினைக்காமல் இருக்கப் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். எழுதி முடித்ததும் விளக்குக் கரியைக் கோவை இலைச் சாற்றில் குழைத்துப் பூசி, துணியால் துடைத்துவிட்டால் கீறலில் மட்டும் கறுப்பு நிற்கும். அதுவரை எழுத்து கண்ணுக்கே தெரியாது, பயந்துவிடாதீர்கள். துளை போடும்போது ஓரத்திலிருந்து இரண்டு விரற்கடை உள்ளே தள்ளிப் போடுங்கள். ஓரத்தோடு போட்டால் கயிறு இழுத்து ஒரே மாதத்தில் கிழிந்துவிடும்.